எளநி வேண்டாம், அப்பா

(தோட்டத்துச் சொந்தங்கள் குழு, காலை 6.10)

கவின்: இப்போதுதான் ஐசியூவிலிருந்து வெளியே வந்தேன். அம்மாவுக்கு ரத்தத்தில் சோடியம் 128தானாம். 135க்கு மேல் இருக்கணுமாம்

ராசாத்தி பெரியம்மா: உப்பா? பிரஷர் என்று உப்பே போடாமல்தானே தின்றாள்

பழனிச்சாமி மாமா: எளநி கொண்டு வரட்டுமா கண்ணு? 10 காய் இறக்கியாச்சு

செல்வராஜ் மாமா: எந்த மரத்துக் காய்?

பழனிச்சாமி மாமா: இப்ப அதுவா முக்கியம்

செல்வராஜ் மாமா: சும்மா கேட்டேன். வரப்போரத்து மரம் என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

மைதிலி: எளநி வேண்டாம், அப்பா. அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கம்மி. வாயில் கொடுத்தால் புரையும் ஏறும்

ராசாத்தி பெரியம்மா: மேட்டாங்காட்டு அப்பிச்சிக்கு உப்பு இறங்கினபோது தண்ணியைக் குறைக்கச் சொன்னார்கள். இங்கே பாட்டில் பாட்டிலாக ஏத்துகிறார்கள். எதை நம்புவது? மூளை ரத்தக்குழாயில் இருந்த புடைப்பைத்தான் தொடை வழியாகப் போய் அடைத்துவிட்டார்களே

மைதிலி: பெரிய அத்தை, அது வேறு கணக்குங்க. அப்பிச்சிக்கு உடம்பில் தண்ணி தேங்கி உப்பு நீர்த்துப் போச்சு. சரசு அத்தைக்கு மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்ததால் சிறுநீரகம் உப்பை வெளியே விடுகிறது, தண்ணியும் கூடவே போகிறது. நேற்று ஏறியது 3 லிட்டர், யூரின் பையில் 4½ லிட்டர். ரத்தம் கசிந்து இன்றைக்கு 7ஆம் நாள். 4ஆம் நாளிலிருந்து 14 வரை மூளை ரத்தக்குழாய்கள் சுருங்குகிற காலம். அந்த நேரத்தில் உடம்பில் ரத்த அளவும் குறைந்தால் மூளைக்குப் போகிறது நின்று கை கால் விழுந்துவிடும். அதனால் தண்ணியைக் குறைக்கவே கூடாது. நார்மல் சலைன் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. போதாவிட்டால் 3 சதவீத சலைன். வெறும் குளுக்கோஸ் தண்ணி ஏற்ற மாட்டார்கள், உப்பு இன்னும் இறங்கி மூளை வீங்கும்

செல்வராஜ் மாமா: வாய்க்காலில் தண்ணி குறைந்தால் கடைமடைக்குத்தான் முதலில் வராது

பழனிச்சாமி மாமா: உன் காடுதானே கடைமடை. உனக்குத் தெரியாமலா

கவின்: அப்போ இன்னும் நிறைய ஏத்தச் சொல்லட்டுமா?

மைதிலி: வேண்டாம்டா. முன்னெல்லாம் அப்படித்தான் நிரப்புவார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இப்போது போனதற்கு ஈடு, அவ்வளவுதான். அதற்குத்தான் மணிக்கு மணி யூரின் அளக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தால் வரும் பாதிப்புக்கான நிமோடிபின் மருந்து 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். அது பிரஷரையும் இறக்கும், மானிட்டரைப் பார்த்துக்கொள். பேச்சு குழறினாலோ தூங்கியே கிடந்தாலோ உடனே சிஸ்டரிடம் சொல்

ராசாத்தி பெரியம்மா: 🙏

கவின்: ஒரு வாய் தண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறாள் அக்கா. சிஸ்டர் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார்கள். பஞ்சைப் பல்லில் கடித்துக்கொண்டு விடவே இல்லை

பழனிச்சாமி மாமா: அய்யோ சாமி

ராசாத்தி பெரியம்மா: அவிநாசியில் காதுகுத்து 18ஆம் தேதி. பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. தள்ளிப் போடவா?

மைதிலி: அத்தை, இப்பவா

ராசாத்தி பெரியம்மா: சரசு இல்லாமல் மாமன் சீர் தட்டை யார் எடுப்பது என்றுதான் கேட்டேன்

பழனிச்சாமி மாமா: அப்புறம் பார்க்கலாம். ராத்திரிக்கு யார் இருப்பது?

செல்வராஜ் மாமா: வரலாம். மோட்டார் முறை இருக்கிறது, பார்க்கிறேன்

கவின்: 9 மணிக்கு மறுபடி சோடியம் எடுக்கிறார்களாம்

செல்வராஜ் மாமா: அந்த 10 காய்?

பழனிச்சாமி மாமா: திண்ணையில் கிடக்கு. வந்து எடுத்துக்கோ