முனீஸ்வரன் கோயில் தெருவில் என்ன வாங்கினீர்கள், எதில் ஏமாந்தீர்கள்?

சைதாப்பேட்டைக்காரன்:

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு, அதான் ஆண்டிக் தெருவுக்கு, போய் வந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். என் கதையை முதலில் கொட்டிவிடுகிறேன், அப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

தை மாதம் குடும்பத்தோடு பிள்ளையார்பட்டி போயிருந்தோம். திரும்பும் வழியில் "ஒரு வெண்கல உருளி மட்டும் பார்த்துட்டு வந்துடலாங்க" என்றாள் மனைவி. அந்த 'மட்டும்' என்ற சொல்லை நம்பியது என் தப்பு. காலை பத்தரைக்குத் தெருவுக்குள் நுழைந்தவர்கள் வெளியே வரும்போது மணி நாலு, மதியச் சாப்பாடு இல்லை, இரண்டு டீயும் ஒரு பொட்டலம் மாவுருண்டையும்தான்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னப் பெட்டிக்கடை மாதிரிதான் இருக்கும், உள்ளே போனால் அறைக்குப் பின்னால் அறை, அதற்குப் பின்னால் ஒரு கொட்டகை, மேலே பரண், பரணிலும் சாமான். ஒருவர் எனாமல் தூக்கு, எனாமல் தட்டு மட்டும் வைத்திருப்பார், அடுத்தவரிடம் தேக்கு நிலையும் தூணும், அதற்கடுத்தவரிடம் யார் யாருடையதோ கல்யாணப் போட்டோக்கள். எனாமல் சாமானைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் என்று முத்திரை. செட்டியார்கள் பர்மா, மலேயா என்று கப்பலேறி வியாபாரம் பார்த்த காலத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை, பெண்களுக்குச் சீராகப் போனவை. பெரும்பாலும் விலை எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். தன்னிடம் இல்லாததைக் கேட்டால் "வாங்க" என்று கையோடு பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போகிறார்கள், அங்கே "இது நம்ம மச்சான் கடைதான் சார்" என்கிறார்கள். மொத்தத் தெருவும் ஒரே கடை என்று நினைத்துக்கொண்டால் வசதி.

உருளிக் கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூன்று உருளியை வரிசையாக வைத்து, "எது பழசுன்னு நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார். கறுத்து, அழுக்கேறி, நூறு வருடம் அடுப்பில் கிடந்தது போலிருந்ததைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "அது போன மாசம் வந்த புதுசு. எல்லாரும் அதைத்தான் எடுக்குறாங்க." சாவியால் ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டினார். அந்தக் கறுப்பு 'டொக்' என்று நின்றுவிட்டது, பித்தளைதான், புளியும் மண்ணும் ஆசிடும் போட்டுக் கிழவியாக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் கிடந்த ஒன்றைத் தட்டியதும் கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டே போனது. அது வெண்கலம். நாலு கிலோ இருநூறு கிராம். பேரம் பேசி 7,400 ரூபாய்க்கு எடுத்தோம், அதிகம் கொடுத்துவிட்டேனா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம், சொல்லாமலிருந்தால் இன்னும் நல்லது.

விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கொத்திய மூன்று எழுத்து இருந்தது. யார் வீட்டுது என்று கேட்டேன். அதுவரை வாய் ஓயாமல் பேசிய மனிதர், "அதை மட்டும் கேக்காதீங்க தம்பி, நாங்க சொல்றதில்லை" என்று பாத்திரத்தைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த எழுத்து என்ன என்று அன்றிலிருந்து குடைகிறது.

செட்டிநாட்டுப் பேத்தி:

சைதாப்பேட்டை அண்ணனுக்கு, அந்த எழுத்து வீட்டுப் பெயரின் சுருக்கம். தாத்தா, அப்பா என்று வரிசையாக முதலெழுத்துகள், சிலர் கடைசியில் ஊரின் முதலெழுத்தையும் சேர்ப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் பங்காளி வீட்டு அண்டாவெல்லாம் ஒரே கொட்டகையில் வந்து சேரும், பெயர் வெட்டாவிட்டால் யாருடையது யாரிடம் போகும் என்று தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் எல்லோரும் வாங்கிய கதை சொல்வீர்கள். நான் விற்ற கதை சொல்கிறேன்.

எங்கள் அப்பச்சி (அப்பா) வழி வீட்டில் 23 பங்கு. முகப்பும் வளவும் (உள்முற்றம்) பொது, ஒவ்வொரு பங்குக்கும் பூட்டிய ஓர் அறை. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அங்கிருந்த சொத்தில் பாதி போயிற்று, அறுபதுகளில் அங்கே எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொண்டதும் மீதியும் போயிற்று என்று ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீடு மட்டும் நின்றது. ஓடு மாற்றக்கூட 23 பேரும் சம்மதிக்க வேண்டும், அதில் நாலு பேர் வெளிநாட்டில், ஒருவர் போனையே எடுப்பதில்லை. மழைத் தண்ணீர் எங்கள் அறைக்குள் இறங்க ஆரம்பித்தபோது சாமானையாவது கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

தரகர் தராசோடுதான் வந்தார். பித்தளை கிலோ இவ்வளவு, செம்பு இவ்வளவு, வெண்கலம் இவ்வளவு. அப்பத்தா சீராகக் கொண்டுவந்த குத்துவிளக்கும் ஓட்டை விழுந்த அண்டாவும் ஒரே தட்டில் ஏறின. பெல்ஜியம் கண்ணாடியைப் பார்த்து "ரசம் போயிருச்சே ஆச்சி" என்று நாலு தடவை சொன்னார், நாலாவது தடவை நாங்களே நம்பிவிட்டோம். எனாமல் சாமான் ஒரு சாக்கு நிறைய இருந்தது. "இது வெறும் தகரம், சும்மா போடுங்க, வண்டிக் கூலிக்காகும்" என்றார். போட்டோம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனபோது அந்தத் தெருவில் நடந்தேன். நாலடுக்குத் தூக்கு ஒன்று, வெளிப்பக்கம் நீலம், கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு எனாமல் பெயர்ந்திருந்தது. அதைப் பெயர்த்தவளே நான்தான், ஏழாம் வகுப்பு விடுமுறையில் கிணற்றடியில் போட்டு. விலை கேட்டேன். மொத்தச் சாமானுக்கும் எங்கள் பங்கில் என் கைக்கு வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு சொன்னார். "ஸ்வீடன் ஆச்சி, இப்ப கிடைக்காது" என்றார். தெரியும் என்றேன். வாங்கவில்லை.

கடைக்காரர் மேல் கோபமெல்லாம் இல்லை. அவர் எடுக்காவிட்டால் அது அங்கேயே துருப்பிடித்திருக்கும், எங்களில் யாரும் அதைக் கழுவிக்கூட வைத்ததில்லை. ஆனால் விற்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லிவைக்கிறேன், தராசு வருவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை அந்தத் தெருவில் விலை கேட்டுக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள்.

கோடம்பாக்கம் லென்ஸ்:

ஆச்சி, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும்.

எனக்கு ரவிவர்மா அச்சுப்படப் பைத்தியம். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார்கள், பிறகு லோனாவ்லா பக்கத்தில் மளவ்லிக்குப் போனது, அதை ஒரு ஜெர்மன்காரர் வாங்கி நடத்தினார், இதெல்லாம் மனப்பாடம். இவ்வளவு தெரிந்தவனே ஏமாந்தேன் என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) லட்சுமி படம், தேக்குச் சட்டம், பின்பலகையில் கரையான் அரித்த தடம், கண்ணாடியில் பழைய காலத்துக் குமிழி. 6,500 ரூபாய். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிறமெல்லாம் ஒழுங்கான வட்டப் புள்ளிகளாக, பத்திரிகைப் படம் மாதிரி வரிசை பிடித்து நிற்கிறது. கல்லில் வரைந்து ஒவ்வொரு நிறமாக ஏற்றி அச்சடித்த பழைய படத்தில் புள்ளி இருந்தாலும் மணல் தூவியது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். சட்டம் பழசு, கண்ணாடி பழசு, கரையான்கூட அசல் கரையான். படம் மட்டும் போன வருடத்தது.

லென்ஸ் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பையில் போட்டுக்கொண்டு போங்கள். படத்தை வெளியில் எடுத்துக் காட்ட மாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். இன்னொன்று, புடவையில் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிய படங்களை அழுக்கு என்று ஒதுக்காதீர்கள், அந்தக் காலத்துப் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஒட்டியது, எனக்கு மற்றதைவிட அதுதான் பிடிக்கும்.

கடிகாரக் கிறுக்கன்:

கடிகாரத்திலும் இதே கதைதான். டயலில் அன்சோனியா, நியூயார்க் என்று இருக்கும். கழற்றி உள்ளே பார்த்தால் எட்டுமுனை நட்சத்திரம், நடுவில் ஜே எழுத்து, ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் இயந்திரம். பெட்டி இந்த ஊர் ஆசாரி செய்தது. மூன்று கடிகாரம் செத்து ஒன்று பிழைத்திருக்கிறது. நான் தெரிந்தே வாங்கினேன், ஓடுகிறது, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் முந்துகிறது, பெண்டுலத்தின் அடித்திருகைத் திருகித் திருகிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அசல் விலைக்கு விற்றால்தான் தப்பு. கலப்படம் என்று சொல்லி விற்றவரை நான் மதிக்கிறேன்.

லிங்கன்ஷயர்த் தமிழன்:

நான் இருப்பது இங்கிலாந்தில், பக்கத்தில் ஹெம்ஸ்வெல் என்று ஓர் ஊர். பழைய விமானப்படைத் தளம், வீரர்கள் தங்கியிருந்த கட்டடங்களில் இப்போது முழுக்க ஆண்டிக். பல நூறு வியாபாரிகளின் சரக்கு ஒரே இடத்தில், ஆனால் ஒரு வியாபாரியைக்கூடப் பார்க்க முடியாது. ஒவ்வொரு சாமானிலும் நூல் கட்டிய சின்ன அட்டை, அதில் வியாபாரியின் எண், என்ன பொருள், என்ன விலை. சின்னச் சாமானெல்லாம் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும், சாவிக்காரரைக் கூப்பிட வேண்டும். பேரம் கிடையாது என்று முதல் இரண்டு தடவை சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன், பிறகுதான் தெரிந்தது, கல்லாவில் மெதுவாக "இதில் ஏதாவது குறையுமா" என்று கேட்டால் அவர்கள் வியாபாரிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வார்களாம். நம் ஊர் மாதிரி டீ வாங்கிக் கொடுத்து, எழுந்து போவது போல நடித்து, திரும்பக் கூப்பிடுவதெல்லாம் இல்லை. சப்பென்று இருக்கிறது.

ஒருநாள் அலமாரியில் ஒரு பித்தளைச் சாமான். அட்டையில் 'இந்தியப் பூச்சாடி' என்று எழுதியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது உழக்கு! நம் வீட்டில் அரிசி அளக்கும் உழக்கு, படியில் நாலில் ஒன்று. விளிம்புக்குக் கீழே வருடா வருடம் அளவு சரிபார்த்து அடித்த முத்திரைகள்கூட வரிசையாக இருந்தன. 28 பவுண்டு போட்டிருந்தார்கள், போன் போட்டு 24-க்குக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "அடப்பாவி, இதே மாதிரி ரெண்டை எவர்சில்வர்க்காரன்கிட்ட போட்டுத்தானே உனக்கு டிபன் பாக்ஸ் வாங்கினேன்" என்றார். இப்போது தினமும் அதில்தான் அரிசி அளக்கிறேன். பூ வைக்கவில்லை.

திருச்சி வக்கீல்:

சுருக்கமாக ஒன்று. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு வாங்கித் தருகிறவர்கள் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவையும், 75 வருடம் தாண்டிய முக்கியமான சுவடிகளும் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பழசு போலத் தெரியும் எதையும் அனுப்புவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் "இது எங்கள் பாட்டியுடையது" என்பது பதில் ஆகாது. பழைய சாமி சிலையை யாராவது துணியில் சுற்றி எடுத்துவந்து உள்ளறையில் காட்டினால், டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சைதாப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. 7,400 பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, புரிந்துகொண்டேன்.

ஆச்சி எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். உடனே உருளியை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்து எழுத்தைப் பார்த்தோம். முதல் இரண்டும் தெளிவு. மூன்றாவது 'வ'வா 'ல'வா என்று வீட்டில் பெரிய சண்டை, மகன் அது 'வ'தான், உளி வழுக்கியிருக்கிறது என்கிறான். பொதுவில் போட வேண்டாம் என்று தோன்றியதால் ஆச்சிக்கு மட்டும் தனியாகப் படம் அனுப்பியிருக்கிறேன்.

செட்டிநாட்டுப் பேத்தி:

பார்த்தேன் அண்ணே. எங்கள் வீட்டுடையது இல்லை. எந்த வீடு என்று தெரிகிறது, ஆனால் கடைக்காரர் சொல்லாததை நானும் சொல்லப் போவதில்லை. மூன்றாவது எழுத்து 'வ'தான், பையன் கெட்டிக்காரன்.

வெறும் உருளியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள், வார்ப்புச் சாமான், விரிசல் விட்டால் ஒட்ட வைக்க ஆள் கிடைக்காது. முதலில் கவுனி அரிசி கிண்டிப் பாருங்கள். முந்தின ராத்திரியே ஊறவைத்துவிட வேண்டும்.