லோகோ இல்லாத கண்ணாடி எல்லாம் டூப்ளிகேட்டா?

கண்ணாடிக்கடை:
நேற்று ‘ஈசிஆர் சவாரி’ இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவர் எழுதியது இதுதான்: “என் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் முன் கண்ணாடியில் ஜல்லிக்கல் அடித்து விரிசல் விட்டது. ஷோரூமிலேயே மாற்றிவிட்டேன். மூலையில் கார் கம்பெனி லோகோ இல்லாத கண்ணாடி எல்லாமே டூப்ளிகேட். சென்னை ஜி.பி. ரோட்டுக் கார் சாமான் கடைகளில் போய் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு எதற்கு இந்தக் கார்?”

ஐயா, 22 வருஷமாகக் கண்ணாடி மாட்டிப் பிழைக்கிறவன் நான். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கார் கம்பெனிக்காரர்கள் யாரும் உட்கார்ந்து கண்ணாடி வார்ப்பதில்லை. செயிண்ட் கோபெய்ன், பில்கிங்டன், ஏ.ஜி.சி., ஃபூயாவ், நம் ஊரில் ஆசாஹி இந்தியா என்று அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. கார் கம்பெனிக்குப் போகும் கண்ணாடியில் கார் லோகோவும் அச்சாகும். கடைக்கு வருவதில் அது இருக்காது. மூலையில் பார்க்க வேண்டியது லோகோ இல்லை. இந்தியாவில் செய்தது என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும். வெளிநாட்டில் அனுமதி வாங்கிய சரக்கு என்றால் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ (E) எழுத்து, பக்கத்தில் நாட்டின் எண், அதோடு கார் கண்ணாடி விதியின் எண் 43ஆர். ஈ1 என்றால் ஜெர்மனியில் அனுமதி வாங்கியது. இதெல்லாம் இல்லாததைத்தான் டூப்ளிகேட் என்று சொல்ல வேண்டும்.

ஈசிஆர் சவாரி:
22 வருஷத்தில் எத்தனை அம்பாசடருக்கு மாட்டினீர்கள் என்றும் சொல்லியிருக்கலாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் மாட்டும் கண்ணாடியில் லோகோ இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் அது ஒரிஜினல் இல்லை. முடிந்தது.

எங்கள் தெருவிலேயே ஒருவர் இதே காரை வெளிக்கடையில் கொடுத்து மாற்றினார். இப்போது முன் கண்ணாடியில் தெரிகிற ஸ்பீடு நம்பர் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. 80க்கு மேலே இன்னொரு மங்கலான 80. ராத்திரி ஓட்டினால் தலை வலிக்கிறது என்கிறார். அவர் கண்ணாடியில் லோகோ இல்லை. இதற்கு என்ன பதில்?

கண்ணாடிக்கடை:
பதில் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் கண்ணாடி அந்தப் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால்தான் மேலே சிதறுவதில்லை. ஸ்பீடு நம்பரைக் கண்ணாடியில் காட்டும் வண்டியில் அந்த ஒளி உள்தகட்டிலும் பிரதிபலிக்கும், வெளித்தகட்டிலும் பிரதிபலிக்கும். சாதாரணக் கண்ணாடியில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அதனால் இந்த வண்டிகளுக்கு நடுப்படலத்தையே ஆப்பு மாதிரி, கீழே மெலிதாகவும் மேலே கொஞ்சம் தடிப்பாகவும் செய்கிறார்கள். அப்போது இரண்டு பிம்பமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்.

உங்கள் தெருக்காரருக்கு அந்தப் படலம் இல்லாத கண்ணாடியை மாட்டியிருக்கிறார்கள். தப்பான சரக்கை ஆர்டர் செய்ததால் வந்த வினை அது. அதே 5 சீரிஸில் நம்பர் காட்டாத மாடலின் கண்ணாடியை எடுத்துப் பாருங்கள், அதிலும் லோகோ இருக்கும். அதைக் கொண்டுவந்து மாட்டினாலும் 80 இரண்டாகத்தான் தெரியும். லோகோ காப்பாற்றாது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, மழை சென்சார் உண்டா, கேமரா உண்டா, சத்தம் தடுக்கும் படலம் உண்டா, நம்பர் காட்டுமா என்று கேட்டு வாங்குகிற கடைக்காரன்தான் காப்பாற்றுவான்.

ஈசிஆர் சவாரி:
இத்தனை வரி எழுதியும் லோகோ இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியவில்லை, பாருங்கள்.

கொங்கு டீசல்:
இரண்டு பேரும் மெட்ராஸை விட்டு வெளியே வாருங்கள். ஜி.பி. ரோட்டில் மட்டும்தான் கண்ணாடி மாட்டத் தெரிந்த ஆள் இருக்கிறானா? கோயமுத்தூருக்கு வந்து பாருங்கள், வேலை என்றால் என்னவென்று தெரியும்.

சவாரி அண்ணே, முதலில் கல் அடித்தபோது விரிசலா, வெறும் புள்ளியா? ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே இல்லாமல் இருந்தால் அந்தப் புள்ளிக்குள் ரெசின் என்ற பிசினை இறக்கியே நிறுத்தியிருக்கலாம். கண்ணாடியையே மாற்றியிருக்க வேண்டாம். அதைச் செய்யாமல் லோகோ லோகோ என்றால் எப்படி?

ஈசிஆர் சவாரி:
ரெசின் என்பது பஞ்சர் ஒட்டுகிற மாதிரி. என் வண்டிக்கு நான் பஞ்சர் ஒட்டுவதில்லை.

கொங்கு டீசல்:
ஓஹோ, போன வருஷம் டயர் சண்டையில் சொன்ன அதே வசனம். அன்றைக்கும் “ரன்-ஃபிளாட் டயருக்கு பஞ்சரே ஆகாது” என்று எங்களிடம் சாதித்தீர்கள். ஆகும், ஆனாலும் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்பதுதான் அதன் அர்த்தம் என்று நான் சொன்னதற்கு இன்று வரை பதில் வரவில்லை. நான் மறக்கவில்லை.

ஈசிஆர் சவாரி:
டயரை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? கண்ணாடி பற்றிப் பேசத் தெரிந்தால் பேசுங்கள்.

பாலிசி பாண்டியன்:
சார், ஷோரூமில் மாற்றியதற்கு க்ளெய்ம் போட்டீர்களா? சாதாரண பாலிசியிலேயே கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் 50 சதவீதம் பிடிப்பார்கள். 1500 சி.சி.க்கு மேல் உள்ள வண்டிக்குக் கட்டாயமாகக் கையிலிருந்து 2,000 ரூபாய். இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் சந்தோஷமாக க்ளெய்ம் போட்டுவிடுகிறார்கள். க்ளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, அதாவது போனஸ், போவதை யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கான பிரீமியம் 1 லட்சம் என்று வையுங்கள். க்ளெய்மே இல்லாமல் 50 சதவீதம் போனஸ் சேர்த்திருந்தால் 50,000 கட்டினால் போதும். ஒரு க்ளெய்ம் போட்டதும் அது பூஜ்யம். அப்புறம் ஏணியில் மறுபடி 20, 25, 35, 45, 50 என்று ஏற வேண்டும். பிரீமியம் அப்படியே இருக்கிறது என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். வழக்கமாகக் கட்டுகிற 50,000க்கு மேல் முதல் வருஷம் 50,000, அடுத்து 30,000, 25,000, 15,000, 5,000. மொத்தம் 1.25 லட்சம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். போனஸைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் வேறு விஷயம்.

ஈசிஆர் சவாரி:
க்ளெய்ம் போட்டேனா இல்லையா என்பது என் சொந்த விஷயம். கணக்குப் பார்த்து வாழ்கிறவன் இந்தக் காரை வாங்க மாட்டான்.

பாலிசி பாண்டியன்:
கணக்குப் பார்த்தவன்தான் சார் இந்தக் காரை வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியும்.

நாவலூர் நந்தினி:
ஒரு சின்னக் கேள்வி. என்னுடையது பென்ஸ். போன மாதம் கண்ணாடி மாற்றினேன், லோகோ உள்ளதுதான். அதற்கப்புறம் லேன் மாறும்போது ஸ்டீயரிங் தருகிற எச்சரிக்கை சரியாக வரவில்லை. ஓ.எம்.ஆரில் நேராகப் போகும்போதே சில சமயம் அதிர்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கேமராவுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

ஈசிஆர் சவாரி:
ஷோரூமில் மாற்றினீர்களா, வெளியிலா?

நாவலூர் நந்தினி:
வெளியில். ஆனால் நான் கேட்டது கேமராவைப் பற்றி.

ஈசிஆர் சவாரி:
அப்புறம் என்ன, பதில் கிடைத்துவிட்டதே.

கண்ணாடிக்கடை:
சவாரி சார், லோகோ இருந்தும் கோளாறு என்று அந்தம்மா எழுதியிருக்கிறார்கள், கண்ணில் படவில்லையா? இப்போது லோகோ எங்கே போனது?

நந்தினி அம்மா, கேமரா பழையதுதான், அது நிற்கிற இடம்தான் புதிது. கண்ணாடியில் ஒட்டிய பிராக்கெட்டில்தான் அது உட்காருகிறது. மயிரிழை கோணம் மாறினாலும், தூரத்தில் இருக்கிற கோடு வேறு இடத்தில் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். அதனால் கண்ணாடி மாற்றியதும் கேமராவுக்குக் கோணம் திருத்தியே ஆக வேண்டும். சில வண்டிக்கு முன்னால் கட்டம் போட்ட பலகையை அளந்து நிறுத்திச் செய்வார்கள். சில வண்டிக்குக் கருவியை மாட்டி, கோடு தெளிவாக இருக்கிற ரோட்டில் ஓட்டிச் செய்வார்கள். உங்கள் கடைக்காரர் செய்யாமல் அனுப்பியிருந்தால் அது தப்புதான். எங்கள் தொழில் என்பதற்காக நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் எல்லோரும் விட்டுவிட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவது பசை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று இங்கே யாராவது நின்று பார்த்திருக்கிறீர்களா? பழைய பசையை மெல்லிய கம்பி விட்டு அறுப்போம், உள்ளே ஒருவன், வெளியே ஒருவன். கத்தி வைத்து அவசரமாக அறுத்தால் சட்டத்தில் பெயிண்ட் உரியும். உரிந்த இடத்தில் பிரைமர் தொடாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு ஆரம்பிக்கும். அது பசையையே தூக்கிவிடும். பழைய பசையை மெல்லிசாகச் சீவி விட்டு, அதன் மேல் புதுப் பசையை ஒரே ஓட்டமாக, முக்கோண வரம்பு மாதிரி இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் தண்ணீர் வரும். இரண்டு பேர் உறிஞ்சு கப் பிடித்து ஒரே தடவையில் இறக்க வேண்டும். வைத்துவிட்டு நகர்த்தக் கூடாது.

அந்தப் பசை காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் இறுகும். எத்தனை மணி நேரத்துக்கு வண்டியை எடுக்கக் கூடாது என்பது பசைக்குப் பசை மாறும், பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். அதுவரை வண்டியை விடமாட்டேன் என்றால் கஸ்டமர் என்னைத் திட்டுகிறார். பக்கத்து சீட்டு ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடியில் முட்டித்தான் உங்கள் வீட்டு ஆள் பக்கம் திரும்புகிறது. பசை இறுகாவிட்டால் கண்ணாடி வெளியே போகும், ஏர்பேக்கும் அதோடு போகும். முதல் நாள் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். எல்லாம் மூடியிருக்கும்போது கதவைப் படாரென்று சாத்தினால் உள்காற்று இன்னும் இறுகாத பசையைத் தள்ளும்.

இதில் எந்த இடத்தில் லோகோ வேலை செய்கிறது? சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு ஷோரூமுக்குள் போய் இந்தக் கையால் நானே கண்ணாடி மாட்டியிருக்கிறேன். பில் அவர்களுடையது, வேலை என்னுடையது.

ஈசிஆர் சவாரி:
எந்த ஷோரூம், பெயரைச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கடை:
சோறு போட்ட இடத்தின் பெயரைப் பொதுவில் இழுக்கிற பழக்கம் எனக்கில்லை.

ஈசிஆர் சவாரி:
பெயர் இல்லாத ஷோரூம், லோகோ இல்லாத கண்ணாடி. பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கொங்கு டீசல்:
ரெசினுக்கு இன்னும் பதில் வரவில்லை. கல் அடித்து எத்தனை நாள் கழித்து விரிசல் ஓடியது அண்ணே? வெயிலில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்ததும் ஏ.சி.யை முழுசாகக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் புள்ளி கோடாக ஓடத்தான் செய்யும்.

ஈசிஆர் சவாரி:
மூன்று வாரம். அதனால் என்ன?

கொங்கு டீசல்:
மூன்று வாரம்! இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நாவலூர் நந்தினி:
கண்ணாடிக்கடை அண்ணா, நன்றி. அந்தக் கோணத் திருத்தத்தை வெளியில் செய்கிறார்களா, ஷோரூமில்தான் செய்ய வேண்டுமா?

பாலிசி பாண்டியன்:
அதற்கும் பில் வாங்கிக்கொள்ளுங்கள் மேடம். க்ளெய்ம் போடுவதென்றால் முதல் எஸ்டிமேட்டிலேயே அதைச் சேர்த்திருக்க வேண்டும். இப்போது தனியாகப் போனால் பிரச்சினை பண்ணுவார்கள்.

ஈசிஆர் சவாரி:
எல்லோருக்கும் சேர்த்து இதோ படம். என் கண்ணாடியின் கீழ் மூலை. லோகோ பளிச்சென்று தெரிகிறது. இனி பேச என்ன இருக்கிறது?

கண்ணாடிக்கடை:
படத்துக்கு நன்றி. லோகோவுக்கு நேர் கீழே இருக்கிற பெயரையும் வாசியுங்கள். அது கார் கம்பெனி பெயரா? கண்ணாடி செய்தவன் பெயர். அதற்கும் கீழே வட்டத்துக்குள் ஈ, 43ஆர். முதல் பதிவில் நான் சொன்னது அப்படியே இருக்கிறது.

ஈசிஆர் சவாரி:
லோகோ மேலே இருக்கிறது. பெயர் கீழே இருக்கிறது. எது பெரியது என்று குழந்தைகூடச் சொல்லும்.

கொங்கு டீசல்:
படத்தில் ஃபாஸ்டாக்கும் தெரிகிறது. பழைய கண்ணாடியிலிருந்து உரித்து ஒட்டிய மாதிரி ஓரம் சுருண்டிருக்கிறதே அண்ணே. உரித்தால் அது செத்துவிடும், பேங்கில் புதிதாக வாங்க வேண்டும். டோலில் நின்று பாருங்கள்.

ஈசிஆர் சவாரி:
புதிதுதான். வெயிலில் சுருண்டிருக்கிறது.

கண்ணாடிக்கடை:
ஃபாஸ்டாக்கை விடுங்கள். சார், சண்டையை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லோகோவிலிருந்து ஒரு சாண் தள்ளி, ரப்பர் ஓரம் ஒரு இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அங்கே விரல் நகத்தை வைத்துப் பாருங்கள், உள்ளே போகிறதா? போனால், ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மழைக்கு முன்னால் பார்த்துவிடுவது நல்லது.

ஈசிஆர் சவாரி:
அது வெளிச்சம் பட்டுத் தெரிகிற நிழல். லோகோ உள்ள கண்ணாடியில் அப்படி ஆகாது.

கண்ணாடிக்கடை:
ரப்பரில் லோகோ இல்லை சார். தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நாவலூர் நந்தினி:
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்?

ஈசிஆர் சவாரி:
நான் எதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்? முதலில் நீங்கள் சொல்லுங்கள், கடையில் இப்போது இருக்கிற கண்ணாடியில் லோகோ இருக்கிறதா, இல்லையா?