மாத்திரை போட்டா அடங்குது, ரெண்டு மாசத்துல பூஞ்சைத் தொற்று திரும்ப வருது. என்ன செய்யலாம்?

மேலூர்_மல்லிகை:
எங்க அக்காவுக்காகக் கேக்குறேன். வயசு 41. மதுரை மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடையில வேலை, நாள் முழுக்க நின்னபடியே. பிறப்புறுப்புல அரிப்பு, எரிச்சல், திரிஞ்ச பால் மாதிரி வெள்ளைப்படுது. மெடிக்கல்ல ஃப்ளூகோனசோல் 150 மி.கி. பூஞ்சை மாத்திரை ஒண்ணு வாங்கிப் போட்டா அடங்கிடும், ரெண்டு மாசம் போனா மறுபடி. இந்த வருஷம் பூரா இதே கதைதான். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் டாபாகிளிஃப்ளோசினும் எடுக்குறாங்க. வீட்ல பெரியவங்க உடம்புச் சூடுன்னு வெந்தயம் ஊற வச்சுக் கொடுக்குறாங்க. டாக்டர்கிட்ட காட்டக் கூச்சப்படுறாங்க. என்ன டெஸ்ட் எடுக்கணும்? மாமாவுக்கும் மருந்து வேணுமா?

உசிலை_நர்ஸ்:
மல்லிகை, வருஷத்துக்கு 3 தடவைக்கு மேல வந்தாலே அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்றுன்னு தனி வகையா வச்சுத்தான் பார்க்கணும். ஒத்தை மாத்திரை எப்பவாவது வர்றதுக்குத்தான் போதும்.

அதுக்கு முன்னாடி, இது பூஞ்சைதானான்னு உறுதியாகணும். அரிப்போட வெள்ளைப்படுற எல்லாமே பூஞ்சை இல்ல. மீன் கவிச்சி வாடையோட சாம்பல் நிறத்துல தண்ணியா வந்தா அது பெரும்பாலும் பாக்டீரியா. மஞ்சளாவோ பச்சையாவோ நுரையோட வந்தா டிரைக்கோமோனாஸ்ங்கிற ஒட்டுண்ணி இருக்கலாம். அமிலத்தன்மை காட்டுற பி.எச். பேப்பர் வச்சுப் பார்த்தா, பூஞ்சைன்னா பொதுவா 4.5-க்குள்ள நிக்கும், மத்த ரெண்டுக்கும் அதுக்கு மேல ஏறும். கண்ணால மட்டும் பார்த்துச் சொன்னா தப்பாகும்.

அரசு ஆஸ்பத்திரி சுகவாழ்வு மையத்துல வெள்ளைப்படுதலுக்குப் பச்சைக் கவர்ல ஒரு கிட் தருவாங்க. அதுல செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150-ம் இருக்கும். மேலே சொன்ன மூணு தொற்றுக்கும் சேர்த்துத் தர்ற முதல் மருந்து அது, நல்லதுதான். ஆனா உங்க அக்காவுக்கு இப்ப கிட் போதாது, பஞ்சுக் குச்சியால மாதிரி (ஸ்வாப்) எடுத்து, லேப்ல கிருமியை வளர்த்துப் பார்க்குற கல்ச்சர் பண்ணியே ஆகணும். பெரியாஸ்பத்திரியில காலைல மகப்பேறு ஓ.பி.க்குப் போய், "அடிக்கடி வருது, கல்ச்சர் எடுக்கணும்"னு வாய்விட்டுக் கேக்கச் சொல்லுங்க. பெண் டாக்டர் வேணும்னு கேக்குறதும் தப்பே இல்ல. போறதுக்கு முந்தி ஒரு வாரமாவது பூஞ்சைக்கான க்ரீம், மாத்திரை எதுவும் வேண்டாம், ரிசல்ட் கெட்டுப்போகும்.

அடிவயித்து வலி, காய்ச்சல், புண், ரத்தம் கலந்து வர்றது, கர்ப்பம் இதுல எது இருந்தாலும் தள்ளிப்போடாம அன்னைக்கே போங்க.

லேப்_அரசரடி:
ஸ்வாப் பத்தி இன்னும் கொஞ்சம். முதல்ல 10% கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்புல பார்ப்போம். செல்லெல்லாம் கரைஞ்சு பூஞ்சை மட்டும் தெரியும். மொட்டு விட்ட ஈஸ்ட்டோட நீள நீளமா இழையும் தெரிஞ்சா கேண்டிடா அல்பிகன்ஸ்ங்கிற வழக்கமான பூஞ்சையா இருக்க வாய்ப்பு அதிகம். இழையே இல்லாம சின்னச் சின்ன மொட்டு மட்டும்னா கிளப்ராட்டாங்கிற வேற பூஞ்சை இனமான்னு யோசிப்போம். இந்தக் கிளப்ராட்டாவுக்கு ஃப்ளூகோனசோல் சரியா கேக்காது. மாத்திரை போட்டும் நிக்காததுக்கு அது ஒரு காரணம்.

கே.ஓ.எச்.ல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் விட்டுடாதீங்க, பூஞ்சை கொஞ்சமா இருந்தா அதுல தப்பிடும். கல்ச்சர்ல வளர ரெண்டு மூணு நாள் ஆகும். அதோட 'எந்த இனம், எந்த மருந்து கேக்கும்'னும் சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. வெறும் 'ஈஸ்ட் உண்டு'ன்னு மட்டும் வந்தா டாக்டருக்கு அது பாதி உதவிதான்.

சிம்மக்கல்_மருந்தாளுநர்:
இங்க முக்கியமான சிக்கல் மருந்துச் சீட்டுலயே இருக்கு. டாபாகிளிஃப்ளோசின் ரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீர் வழியா வெளியே தள்ளுற மாத்திரை. அந்த இடத்துல சர்க்கரை படிஞ்சுக்கிட்டே இருந்தா பூஞ்சைக்கு அது சாப்பாடு. எம்பாகிளிஃப்ளோசினும் இதே குடும்பம்தான். ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்தே அதைக் கொடுத்திருக்கலாம். சர்க்கரை டாக்டர்கிட்ட தொற்று திரும்பத் திரும்ப வர்றதைச் சொல்லி, மாத்தலாமான்னு கேளுங்க. மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுற எச்.பி.ஏ.1சி-யும் பாருங்க, அது ஏறிக் கிடந்தா எந்தப் பூஞ்சை மருந்தும் நிலைக்காது.

அல்பிகன்ஸ்னு உறுதியானா வழக்கமான முறை: ஃப்ளூகோனசோல் 150 மி.கி. 1, 4, 7-ம் நாள்ல ஒவ்வொண்ணு. அறிகுறி முழுசா போனப்புறம் வாரம் ஒண்ணுன்னு 6 மாசம். இடையில "சரியாயிடுச்சே"ன்னு நிறுத்துறதுதான் பலருக்கும் மறுபடி வரக் காரணம். 6 மாசம் முடிச்சாலும் சிலருக்குத் திரும்பும், அப்ப திரும்பவும் டெஸ்ட்டிலிருந்து ஆரம்பிக்கணும்.

இதை டாக்டர் சொல்லாம எடுக்கவே கூடாது. அக்காவுக்கு இன்னொரு காரணமும் இருக்கு: ஃப்ளூகோனசோல் கிளிமிபிரைடை உடம்புல தேங்க வைக்கும். சர்க்கரை படக்குனு இறங்கி வேர்த்து, கை நடுங்கலாம். மாத்திரை போட்ட நாளும் அடுத்த ரெண்டு மூணு நாளும் குளுக்கோமீட்டர்ல பாருங்க, சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். கொலஸ்ட்ரால் மாத்திரையோ, ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரினோ எடுத்தா அதையும் சொல்லணும். கல்லீரல் பிரச்சினை இருந்தா டோஸ் யோசிக்கணும்.

கர்ப்பமா இருந்தா வாய்வழி ஃப்ளூகோனசோல் வேண்டாம், உள்ளே வைக்குற குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்துதான், 7 நாள். மத்தவங்களுக்கும் 100 மி.கி. மாத்திரை வச்சா ராத்திரி படுக்கப் போறப்ப, படுத்த நிலையில ஆழமா வைக்கணும். வச்சுட்டு எழுந்து நடந்தா கசிஞ்சு வெளியே வந்துடும். எண்ணெய்ப் பசை உள்ள க்ரீம் ஆணுறையைப் பலவீனமாக்கும்.

நாலஞ்சு மருந்து கலந்த ட்யூப் தயவுசெஞ்சு வாங்காதீங்க. அதுல குளோபெட்டசால்னு பலமான ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு ஒரே நாள்ல நிக்கும், பூஞ்சை சத்தமில்லாம பரவும், தோல் மெலிஞ்சுபோகும்.

மேலூர்_மல்லிகை:
ரொம்ப நன்றி. கிளப்ராட்டான்னு வந்தா? அப்புறம் தயிர் தடவலாம், போரிக் பவுடர் வைக்கலாம்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க.

லேப்_அரசரடி:
கிளப்ராட்டாவுக்கு டாக்டர்கள் போரிக் ஆசிட் 600 மி.கி. ஜெலட்டின் கேப்சூல்ல, தினம் ஒண்ணு உள்ளே வைக்கச் சொல்லி 2-3 வாரம் தருவாங்க. அது அளந்து போட்ட மருந்து. கேரம் போர்டுக்குத் தூவுற பவுடர் அதுக்கு ஆகாது. போரிக் ஆசிட் வாய்க்குள்ள போனா விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாம வைக்கணும். கர்ப்பத்துல கூடவே கூடாது.

உசிலை_நர்ஸ்:
தயிரைச் சாப்பிடட்டும், அங்க தடவ வேண்டாம். வெந்தயத் தண்ணி குடிக்கிறதுல கெடுதல் இல்ல, ஆனா பூஞ்சை அதுல போகாது. டெட்டால், வாசனைச் சோப்பு, உள்ளே பீய்ச்சிக் கழுவுறது எல்லாத்தையும் நிறுத்தணும். காக்குற நல்ல கிருமியும் அதுல போயிடும். வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணி போதும், முன்னாலிருந்து பின்னால.

மாமாவுக்கு அரிப்போ சிவப்போ இல்லன்னா மருந்து வேண்டாம். இருந்தா குளோட்ரிமசோல் க்ரீம் கேட்டு வாங்கட்டும், அவருக்கும் ஒரு தடவை சர்க்கரை பார்த்துடுங்க.

துணியால மட்டும் இது நிக்காது, ஆனா நம்ம ஊர் வெயில்ல ஈரம் தங்குறது எரிச்சலைக் கூட்டும். பருத்தி உள்ளாடை, நைலான் லெக்கிங்ஸ் வேண்டாம். வேர்வையில நனைஞ்ச உள்ளாடையைக் கடையிலேயே மாத்திக்க இன்னொண்ணு பையில இருக்கட்டும். நாப்கினை 4-6 மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும். துவைச்ச உள்ளாடையைக் கூச்சப்பட்டுப் பாவாடைக்கு அடியில மறைச்சுக் காயப்போடுவாங்க, அது உள்ளுக்குள்ள ஈரமாவே கிடக்கும். மொட்டை மாடியில வெயில் படக் காயட்டும். வேற எதுக்காவது ஆன்டிபயாடிக் எழுதினா "எனக்கு அடிக்கடி பூஞ்சை வரும்"னு அந்த டாக்டர்கிட்டயும் முன்னாடியே சொல்லிடச் சொல்லுங்க.