பழைய கம்ப்யூட்டர் மியூசியம் போனவர்கள் உண்டா?

களியக்காவிளைக்காரன்:
மகனைப் பார்க்க அமெரிக்கா போனபோது மவுண்டன் வியூ கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் ஐபிஎம் 1401 கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்தேன். 1959-ல் அறிவித்த மாடல், பழுது பார்த்து ஓட வைத்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும். பக்கத்தில் 026 பஞ்ச் மிஷின், அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்க அட்டையில் ஓட்டை போடுவது. நம் பெயரை அட்டையில் குத்திக்கொள்ளலாம். நான் திருவனந்தபுரத்தில் 11 வருஷம் பஞ்ச் ஆபரேட்டர். உட்கார்ந்ததும் விரல் தானாகப் போகிறது, டக் டக்கென்று 80 பத்தி அட்டை நகர்கிறது. சொல்லித்தர வந்த பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். இதில்தானய்யா சோறு தின்றேன் என்று சொல்லியிருக்கலாம். இங்கிலீஷ் வாயில் வரவில்லை. சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

செங்கோட்டை சாரல்:
அண்ணாச்சி கொடுத்து வைத்தவர். ஆனால் எல்லா இடத்திலும் ஓடவிட முடியாது. நாங்கள் படித்த பள்ளியில் 80-களில் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லித்தர அரசு கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் ஸ்டோர் ரூமில் கிடந்தது, சின்னதாக மியூசியம் வைப்போம் என்று எடுத்தோம். சாரல் காலம் வேறு. ஸ்விட்ச் போட்டதும் அதே பழைய பீப், எல்லாரும் கைதட்டினோம். பத்து நிமிஷத்தில் உள்ளே டப்! அறை முழுக்கப் புகை, நாற்றம். கைதட்டின அதே கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம்.

கொழிஞ்சாம்பாறை:
வெடித்தது ரிஃபா கம்பெனி கெபாசிட்டர். பவர் சப்ளையில், வீட்டுக் கரண்ட் நேரே வரும் மெயின்ஸ் பக்கம் இருக்கும். நாளாக ஆக மேலுறை விரிசல் விட்டு உள்ளே இருக்கும் காகிதம் ஈரம் குடிக்கும், கரண்ட் பட்டால் வெடிக்கும். பெரும்பாலும் மிஷின் சாகாது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெயின்ஸுக்கு என்றே வரும் எக்ஸ்2 வகை கெபாசிட்டர் மாற்றச் சொல்லுங்கள், கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய 386 கம்ப்யூட்டர் போர்டு கிடந்தால் நிக்கல் காட்மியம் பேட்டரியை முதலில் வெட்டி எடுங்கள், ஒழுகினால் செம்புத் தடத்தையே தின்றுவிடும். அறையில் ஈரம் எவ்வளவு என்று பார்க்க டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றும் வாங்கி வையுங்கள். ஆனால் ஓடவிடக் கூடாது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் 1951 ஹார்வெல் டெகாட்ரான் கம்ப்யூட்டர் இன்னும் கணக்குப் போடுகிறது. ஒரு பெருக்கலுக்கு ஐந்து பத்து நொடி. அதன் கண்ணாடிக் குழாய்களில் ஆரஞ்சுப் புள்ளி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், என் மகள் "அப்பா, நானே போட்டுடுவேன்" என்றாள்.

செங்கோட்டை சாரல்:
கூடாது என்று எங்கே சொன்னேன்? முடியாது என்றேன். அமெரிக்காவில் சியாட்டிலில், பில் கேட்ஸோடு மைக்ரோசாஃப்ட் தொடங்கிய பால் ஆலன் வைத்த மியூசியமும் ஓடவிட்டுத்தான் காட்டியது. 2020-ல் மூடி, 2024-ல் பலதும் ஏலத்துக்குப் போனது.

கொழிஞ்சாம்பாறை:
அவர் 2018-ல் இறந்துபோய்விட்டார், அதனால். மிஷின் என்ன செய்யும்? அண்ணாச்சி, அந்த அட்டை இருக்கிறதா?

களியக்காவிளைக்காரன்:
இருக்கிறது. வீட்டில் அதன் பின்பக்கம் பால் கணக்கு எழுதிவிட்டாள்.