ரிவன் தீவுகளில் நாங்கள் தொலைந்த கதைகள்

கல்லடியிலிருந்து

மிஸ்ட், ரிவன், விட்னஸ் மாதிரியான கணினிப் புதிர் விளையாட்டுகளை விளையாடியவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள். நான் ரிவனில் தொடங்குகிறேன்.

யுத்த நிறுத்தம் வந்த 2002இல் அண்ணன் கொழும்பிலிருந்து ஐந்து சீடி கொண்டுவந்தார். ஐந்தும் சேர்ந்து ஒரே விளையாட்டு. அமெரிக்காவில் ராண்ட் மில்லர், ரொபின் மில்லர் என்ற சகோதரர்கள் தொடங்கிய சயன் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ரிவன். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் சீடியை மாற்றச் சொல்லும். அதுவரை நாங்கள் பார்த்த விளையாட்டுகளில் எல்லாம் திரையின் கீழே ஒரு துவக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இதில் கையில் ஒன்றுமே இல்லை.

தொடக்கத்திலேயே கூண்டுக்குள் நிற்கிறோம். காவல்காரன் ஒருவன் வந்து, நமக்கு விளங்காத பாஷையில் ஏதோ கேட்டு, கையிலிருந்த புத்தகத்தைப் பறிக்கிறான். சோதனைச் சென்றியில் நின்று பழகிய எங்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் கூண்டு திறக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. நெம்புகோலை இழுத்தால் தூரத்தில் ஏதோ ஓடுகிற சத்தம் வரும். என்ன மாறியது என்று பார்க்க வந்த வழியே நடக்க வேண்டும். கடற்கரையில் சன்னர் என்ற மிருகங்கள் பாறையில் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும். அவசரப்பட்டுக் கிட்டப் போனால் தண்ணீருக்குள் வழுக்கிப் போய்விடும். நின்று நின்று போனால் கிட்டப் பார்க்கலாம். பொறுமையாக இருப்பவனுக்கு மட்டும் ஏதாவது காட்டுகிற விளையாட்டு இது என்று எனக்கு முதலில் விளங்கியது அங்கேதான்.

(இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த இரண்டு பந்திகளைத் தாண்டிப் போங்கள்.)

நாலாம் நாள் காட்டுத் தீவில் கண் மாதிரிப் பதித்திருந்த மர உருண்டை ஒன்றை அண்ணன் தட்டினார். அது கிறுகியது. கிறுகும்போது ஒரு மிருகத்தின் குரல். பின்பக்கத்தில் சதுரத்துக்குள் ஒரு கீறல். அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் நகர்ந்துவிட்டார். எனக்கு விட மனமில்லை. இரவில் வாவிக்குள் இறங்கப் பயமில்லாத காலம் அப்போதுதான் வந்திருந்தது. அதே மாதம் மாமா ஒரு பறுவ இரவில் என்னைத் தோணியில் ஏற்றி, கல்லடிப் பாலத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. "மூச்சை அடக்கு மகன்" என்றார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டது. தந்தியொன்றை யாரோ மெல்ல வருடுவது போல, எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத சத்தம். பாடும் மீனை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அந்த மர உருண்டைக்கும் அப்படித்தான் காது கொடுத்தேன். வேறு இடங்களிலும் உருண்டைகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு குரல். சீஆர் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டு போனேன். பிறகு ஓர் இருட்டறையில் 25 கற்கள் வட்டமாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம். ஐந்தைச் சரியான ஒழுங்கில் தொட வேண்டும். குரல் எந்த மிருகம் என்று சொல்கிறது, பின்பக்கக் கீறல் எத்தனையாவது என்று சொல்கிறது! அதைக் கண்டுபிடித்தபோது இரவு பதினொரு மணி. அண்ணனை உலுப்பி எழுப்பினேன்.

முடிக்கவில்லை. ஒரு சீடியில் கீறல் விழுந்து வாசிக்காமல் போனது. கொப்பி 2004 மார்கழி 26இல் வீட்டோடு போய்விட்டது.

கல்முனையிலிருந்து

தம்பி, நான் உங்களை விட மூத்தவன். தோஹாவில் வேலை செய்த காலத்தில் மிஸ்ட் வாங்கினேன். 1993இல் வந்தது. பெட்டிக்குள் எழுதுவதற்கென்றே வெறும் கொப்பி ஒன்றும் வைத்திருந்தார்கள். சிம்ஸ் 2002இல் முந்தும் வரைக்கும் கணினி விளையாட்டுகளில் அதிகம் விற்றது அதுதான். ஆனால் மிஸ்டில் புதிர்கள் புதிர்களாகத் தனியே நிற்கும். ரிவனில் புதிரும் ஊரும் ஒன்று. அந்த மக்கள் எப்படி எண்ணுகிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள், யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியாமல் ஒரு கதவும் திறக்காது.

ஒரு இடத்தில் மட்டும் நான் சயன்காரர்களோடு சண்டைக்கு நிற்பேன். போளைப் புதிர். ஆறு நிறப் போளைகள், அவற்றில் ஒன்று தேவையில்லாதது. 25க்கு 25 கட்டம், ஆக 625 குழி. ஐந்து தீவுகளிலும் உள்ள குவிமாடங்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பார்த்து, அந்தந்த இடத்தில் அந்தந்த நிறப் போளையை வைக்க வேண்டும். வரைபடத்தைக் காட்டும் விதம் அழகு. தண்ணீரே மேடு பள்ளமாக எழும்பி நிலத்தின் வடிவம் எடுக்கும். ஆனால் ஒரு கட்டம் பிசகினாலும் எங்கே பிசகியது என்று சொல்லாது. நான் மூன்று கிழமை போராடிவிட்டு விடையைத் தேடி எடுத்தேன். கதவு திறந்தது. எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. நாலைந்து வருடம் அந்த விளையாட்டைத் தொடவே இல்லை. விடையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதை எழுதி வைக்கிறேன்: பார்த்த பிறகு அது உங்கள் கதவு இல்லை.

திருக்கோவிலிலிருந்து

நான் கணித ஆசிரியை. எனக்கு இந்த விளையாட்டைத் தந்தது என் பழைய மாணவர் ஒருவர்.

ரிவனின் கிராமத்துப் பள்ளிக்கூட அறையில் ஒரு விளையாட்டுப் பொருள் இருக்கும். சக்கரத்தைச் சுற்றினால் ஒரு குறியீடு வரும், கயிற்றில் தொங்கும் சின்ன மனிதன் அந்த அளவுக்குக் கீழே இறங்குவான். கீழே வார்க் என்ற மீன் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். கொடூரம்தான். அந்தப் பிள்ளைகளை அடக்கி ஆள்பவன் எப்படிப்பட்டவன் என்று அந்த ஒரு பொருளே சொல்லிவிடும். எத்தனை படி இறங்கினான் என்று எண்ணினால் 1 முதல் 10 வரை குறியீடுகள் கிடைக்கும். அவ்வளவுதான் தருவார்கள். மிச்சத்தை 25 வரைக்கும் நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்று என்பது நிலைக்குத்துக் கோடு. ஐந்து என்பது கிடைக்கோடு, அதாவது ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பியது. ஆறு என்பது சிலுவை போல இரண்டும் சேர்ந்தது. அப்படியானால் பத்து? இரண்டைத் திருப்பியது. 15க்கு மூன்றைத் திருப்பு, 20க்கு நான்கைத் திருப்பு. இதைப் பிடித்த கணம் நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். இருபது வருடமாக எண்ணடி கற்பிக்கிறேன். மாணவர் இருந்த பக்கத்திலிருந்து அதை நான் அனுபவித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் பத்துக் குறியீட்டை மட்டும் கரும்பலகையில் கீறிவிட்டு, 17ஐ எழுதச் சொன்னேன். விதி எதுவும் சொல்லவில்லை. வழமையாக வாய் திறக்காத ஒரு பிள்ளை கொப்பியைத் தூக்கி, பக்கவாட்டாகத் திருப்பிப் பார்த்தாள். திரும்ப நேராக்கினாள். பிறகு எழுதினாள். சரியாக இருந்தது.

காத்தான்குடியிலிருந்து

எனக்கு ஒரு காது கேட்காது. ஆகவே சத்தம் பற்றி எல்லாரும் எழுதுவதைப் படிக்கும்போது ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜொனதன் ப்ளோ 2016இல் வெளியிட்ட விட்னஸை நான் 2022இல் விளையாடினேன். 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய நாட்கள், மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும் வரை ஆட்டம். ஒரு தீவு, 500க்கு மேல் கோட்டுப் புதிர்கள், விளக்கம் ஒரு வரி கிடையாது. எனக்கு உயிர். ஆனால் காட்டுப் பகுதியில் பறவைக் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுக் கோடு வரைய வேண்டும். பின்னால் வேறு சத்தங்களையும் கலந்துவிடுவார்கள். என்னால் அவற்றைப் பிரிக்கவே ஏலாது. கஷ்டமான புதிர் வேறு, எனக்கு வழியே இல்லாத புதிர் வேறு. கடைசியில் தங்கச்சி பக்கத்தில் இருந்து "மேல, கீழ, மேல" என்று கையால் காட்டக் காட்ட நான் கோடு வரைந்தேன். அது விடை பார்த்த கணக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன். கல்முனைக் காக்கா என்ன சொல்கிறீர்கள்?

கல்முனையிலிருந்து

இல்லவே இல்லை தம்பி. அது உங்கள் இரண்டு பேருடைய கதவு.

கல்லடியிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், அந்தப் பிள்ளை கொப்பியைத் திருப்பிய இடத்தை மூன்று தரம் வாசித்தேன்.

நான் முடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பழைய ரிவனை வாங்கினேன். சீடி மாற்றும் வேலை இல்லை, சாதாரண மடிக்கணினியே போதும். புதுக் கொப்பி, முதல் பக்கத்திலிருந்து. மிருகங்களின் ஒழுங்கு பாதி ஞாபகம் இருந்தது. ஆனாலும் உருண்டைகள் எல்லாவற்றையும் திரும்பப் போய்க் கேட்டேன். போளைப் புதிருக்கு ஒன்பது நாள் பிடித்தது, காக்கா. கோபம் வந்தது உண்மைதான். கடைசிப் போளை இருந்ததும் இயந்திரம் இரைந்த சத்தத்தில் அது போய்விட்டது. அண்ணன் இப்போது கனடாவில். போன் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கூண்டில வந்த அவன் என்னதான் கேட்டவன், தெரிஞ்சுதா?"

2024 ஆனியில் சயன் அதை முழுதாகப் புதுப்பித்து வெளியிட்டது. பழையதில் படம் படமாக நகர்வோம், இதில் நினைத்த பக்கம் நடக்கலாம். புதிர்கள் பலவற்றையும் மாற்றிவிட்டார்கள், அதனால் பழைய ஆட்களுக்கும் வேலை இருக்கிறது. எனக்குப் பழையதன் அசையாத படங்கள்தான் இன்னும் பிடிக்கும். ஒரே படத்தை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு இருக்க வைக்கும்.

மருமகள் இப்போது புதியதை விளையாடுகிறாள், பன்னிரண்டு வயது. நேற்று பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரைக்கு வந்தாள். ஒரு அடி வைத்து நின்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். "மாமா, கதைக்காதீங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.