நண்பர்களுடன் கடற்கரைச் சிற்றூருக்குக் காரில் செல்கிறோம்: இரவில் புறப்படலாமா?

கேள்வி – தயங்கும் பயணி

நண்பர்கள் ஆறு பேர் இரண்டு கார்களில், ஏறத்தாழ எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஒரு கடற்கரைச் சிற்றூருக்குச் செல்லத் திட்டமிட்டுள்ளோம். கூட்டமோ விடுதி வரிசையோ இல்லாத ஊர் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் சாலையில் நெரிசல் இராது, விடியும்போது கடலில் இறங்கிவிடலாம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எங்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் மூவர் மட்டுமே என்பதாலும், அந்தக் கரையில் உயிர்காப்பாளர்கள் இல்லை என்பதாலும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – நெடுஞ்சாலை

மூன்று ஓட்டுநர்கள், இரண்டு கார்கள் என்றால் ஒரு காரில் மாற்று ஆள் இல்லை என்றுதான் பொருள். உங்கள் திட்டத்தின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. நள்ளிரவு கடந்து விடியும் வரையிலான நேரத்தில் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும் என்பதால், பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு அந்த நேரத்தில் தனியாளாக ஓட்டுபவர், தாம் விழிப்போடு இருப்பதாக நம்பிக்கொண்டே சில நொடிகள் கண்ணயர்ந்துவிட வாய்ப்புண்டு. நெடுஞ்சாலை வேகத்தில், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரில், நான்கு நொடிகளுக்குள் வண்டி 100 மீட்டர் ஓடிவிடும். சன்னலைத் திறந்துவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் இதற்குத் தீர்வாகா. காபி வேலை செய்யவே அரை மணி நேரம் வரை ஆகும்; ஆகவே அதைக் குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, 15 முதல் 20 நிமிடம் உறங்கி எழுவதே பயன் தரும்.

என் யோசனை: ஆறு பேரும் ஒரே பெரிய வண்டியில், இரவு நன்றாக உறங்கியபின் அதிகாலையில் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாறட்டும். முன்னிருக்கையில் இருப்பவர் உறங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கிளம்பியபின் இதை யாரும் கேட்பதில்லை.

பதில் – நெய்தல்

சாலையைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரவெல்லாம் விழித்தபின் நேராகக் கடலில் இறங்குவதுதான் எனக்கு அதைவிடக் கவலையளிக்கிறது. உயிர்காப்பாளர் இல்லாத கரையில் பேரலைகளைவிட இழுவை நீரோட்டமே பெரிய ஆபத்து. கரையில் வந்து மோதிய நீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது அது உண்டாகிறது. அந்த இடத்தில் அலை உடையாததால் நுரையின்றி, சற்றே இருண்டு, அமைதியாகத் தெரியும். புதியவர்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். அதன் வேகம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும் என்பதால், தேர்ந்த நீச்சல்காரராலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. அது ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை, வெளியேதான் இழுத்துச் செல்கிறது. எனவே கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகியபின் திரும்ப வேண்டும், இயலாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். காப்பாற்றுவதற்காக இன்னொருவர் வெறுங்கையோடு குதிப்பதால்தான் ஒரே குழுவில் இருவர் மூவர் இறக்கிறார்கள். மூடி இறுக்கிய காலிக் கேனையாவது எறிந்துவிட்டு உதவிக்கு ஆள் அழையுங்கள்.

இறங்குமுன் அவ்வூர் மீனவர் ஒருவரிடம் எங்கே குளிக்கலாம் என்று கேளுங்கள். அவர்கள் வலை உலர்த்தும் இடத்திலும் படகு இழுக்கும் வழியிலும் விரிப்பைப் போட்டு அமராதீர்கள். உங்களுக்கு விடுமுறைத் தலமாக இருப்பது அவர்களுக்குப் பணியிடம்.

பதில் – தயங்கும் பயணி

இருவருக்கும் நன்றி. ஒரே வண்டி, அதிகாலைப் பயணம் என்பதை நண்பர்கள் (ஒருவரைத் தவிர) ஏற்றுக்கொண்டனர். வண்டியை மணல்வரை கொண்டு செல்லலாமா?

பதில் – நெய்தல்

வேண்டாம். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது; அந்நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, முழுநிலவை ஒட்டிய நாட்களில் நீர் வழக்கத்தைவிட மேலே வரும். காலையில் காய்ந்திருந்த மணலில் மாலையில் வண்டி நனைந்துகொண்டிருக்கலாம்.

பதில் – நெடுஞ்சாலை

தவறிப் புதைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கும். மணலைத் தோண்டி அகற்றி, டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து, மெதுவாக வெளியே எடுங்கள். தார்ச்சாலையில் வேகமெடுக்குமுன் காற்றை மீண்டும் நிரப்பிவிடுங்கள். ஊர் திரும்பியதும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவச் சொல்லுங்கள், உப்பு இரும்பை விரைவில் அரித்துவிடும்.