கரிசல் மண்ணுல தண்ணி அதிகம் கேட்காத தோட்டம்: யோசனை சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. எங்க வீடு கோவில்பட்டிப் பக்கம். வீட்டு முன்னால ஒன்றரை சென்ட் இடம் சும்மா கிடக்கு. சுத்தக் கரிசல். சித்திரையில விரல் நுழையிற அளவுக்கு வெடிச்சிருக்கும், ஐப்பசி மழையில கால் வச்சா செருப்போட அப்பிக்கிடும். போர் தண்ணி உப்பு. அதனால புல்தரை, குரோட்டன்ஸ் எதுவும் வேண்டாம், இந்த மண்ணுக்குப் பழகின செடிங்கதான்னு முடிவு பண்ணிட்டோம்.

வேலியோரம் நொச்சி, ஆடாதோடை (ரெண்டையும் ஆடு தொடாது). வாசல் பக்கம் ஆவாரை. மேற்கு வெயிலை மறைக்க ஒரு உசிலை. மெதுவாத்தான் வளரும், பரவாயில்லை. கம்பி வேலியில பிரண்டையை ஏத்திவிடலாம்.

நடவு எப்போங்கிறதுதான் குழப்பம். புரட்டாசியிலயே நட்டா மழை முழுசும் கிடைக்கும். ஆனா கரிசல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிடுமே, இளஞ்செடி வேர் அழுகிடாதா? மேட்டுப்பாத்தி போட்டா போதுமா, சரளையும் கலக்கணுமா? கோடையில வெடிப்பு வேரை அறுத்துடாம இருக்க மூடாக்கு போடணும். ஆனா இங்க கரையான் தொல்லை ஜாஸ்தி. வேப்பிலைச் சருகு போட்டுப் பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க.

ஆவாரையை எந்த மாசம் கவாத்து பண்றீங்க? புதர் மண்டினா பாம்பு அடையும்னு அம்மா பயப்படுறாங்க. அடியில ஒரு அடி உயரத்துக்குக் கிளையைக் கழிச்சுவிட்டா செடி தாங்குமா?

உசிலை நாற்று பக்கத்து நர்சரிகள்ல கிடைக்கலை. தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் எங்க கிடைக்கும்? விதையா இருந்தாலும் வந்து வாங்கிக்கிறேன்.